குறிஞ்சாக்கேணியில் எதை அளப்பது?

திருகோணமலை நகரிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வீதி கடலோரமாக நேரே தெற்கு நோக்கி இறங்குவதில்லை. துறைமுகத்தின் உட்குடாக்களைச் சுற்றி வளைந்து, சீனன்குடாவைத் தாண்டி, வெள்ளைமணல் வழியாகக் கிண்ணியாப் பாலத்தில் ஏறுகிறது. சீனன்குடாவில் காட்டு மரங்களுக்கு நடுவே பெரிய பெரிய இரும்பு உருளைகள் நிற்கின்றன; பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டப்பட்ட எண்ணெய்க் குதங்கள். 99 எஞ்சியிருக்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது எரிந்த குதமொன்று, தகடுகள் மடிந்து சுருண்ட கோலத்தில் இன்னும் கிடக்கிறது. அதே தாக்குதலில் தீப்பிடித்த எஸ்.எஸ். சகாயிங் என்ற கப்பல் துறைமுகத்துக்குள் முக்கால் நூற்றாண்டு மூழ்கிக் கிடந்தது. 2018 மார்ச்சில் இலங்கைக் கடற்படையின் சுழியோடிகள் அதை மிதக்கவைத்தார்கள்; பிறகு அது இழுத்துச் செல்லப்பட்டு ஆழமான வேறிடத்தில் மறுபடி மூழ்கடிக்கப்பட்டது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு முன் அந்த நீரில் மனிதரையும் வாகனங்களையும் கடத்திய ‘பாதை’ அத்தோடு வேலையை முடித்துக்கொண்டது. பாலத்துக்கு அப்பால் கிண்ணியா. கிண்ணியா நகரிலிருந்து களப்பின் இன்னொரு கையைக் கடந்தால் குறிஞ்சாக்கேணி.

இந்த வழியில் பயணம் செய்பவர் எதைப் பார்த்தாலும் அது வேறொன்று இருந்த இடத்தில் நிற்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதியின் ஆழிப்பேரலை கிண்ணியாவின் மருத்துவமனையைக்கூட விட்டுவைக்கவில்லை. போர் வந்து போனது. குறிஞ்சாக்கேணியில் புதிய பாலத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் மக்கள் களப்பைக் கடப்பதற்கு மிதப்புப் பாதை ஒன்றையே நம்பியிருந்தார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பள்ளிக்குப் போகும் நேரத்தில், அது கவிழ்ந்தது. பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள். பின்னர் எண்ணிக்கை கூடியது. நாடு முழுவதும் இந்த ஊரின் பெயர் தெரியவந்தது அப்போதுதான்.

இப்படிப்பட்ட ஓர் ஊரில் நின்றுகொண்டு பொருள்களை முப்பரிமாண ஸ்கேன் செய்வதைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று கேட்கலாம். பொருத்தம் என்பதுதான் என் வாதம். முப்பரிமாண ஸ்கேன் என்றவுடன் பெரிய அருங்காட்சியகம், கண்ணாடிப் பெட்டிக்குள் சிலை, விலையுயர்ந்த கருவி என்றே நினைக்கிறோம். ஆனால் அது அடிப்படையில் ஓர் அளவை. காப்பார் இருக்கும் பொருளுக்கு அந்த அளவை ஒரு கூடுதல் வசதி. காப்பார் இல்லாத, நாளை இருக்குமோ தெரியாத, ஊரார் கையில் தினமும் புழங்கும் பொருளுக்கோ அது ஒன்றே எஞ்சக்கூடிய சான்று. ஆகவே இந்தக் கலை முதலில் வரவேண்டிய இடங்களில் குறிஞ்சாக்கேணியும் ஒன்று. அதைச் செய்ய வேண்டியவர்கள் ஊரார்.

இந்தக் கலையின் தொடக்கக் கதையே ஆபத்தோடு சேர்ந்தது. 1858இல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரப் பேராலயத்தை அளந்துகொண்டிருந்த ஆல்பிரெக்ட் மைடன்பாவர் என்ற இளம் கட்டடக் கலைஞர் உயரத்திலிருந்து விழப்போய்த் தப்பினார். கையால் தொட்டு அளப்பதற்குப் பதிலாக, படம் எடுத்து அந்தப் படத்தின் மீது அளக்க முடியாதா என்ற எண்ணம் அவருக்கு அப்போது வந்தது. 1885இல் பிரஷ்ய அரசு அவர் தலைமையில் இதற்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. அவர்கள் கண்ணாடித் தகடுகளில் பதிந்த ஆயிரக்கணக்கான படங்கள், இரண்டாம் உலகப் போரில் சிதைந்த கட்டடங்களைத் திரும்ப எழுப்பியபோது பயன்பட்டன. போட்டோகிராமெட்ரி என்று இன்று சொல்லப்படுவது இதுதான். கொள்கை எளியது. ஒரே புள்ளியை இரண்டு வெவ்வேறு இடங்களில் நின்று பார்த்தால் இரண்டு பார்வைக் கோடுகள் கிடைக்கும். அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் அந்தப் புள்ளி இருக்கிறது. நம் இரு கண்களும் தூரத்தை உணர்வது பெரிதும் இப்படித்தான். மைடன்பாவர் காலத்தில் கையால் போட்ட கணக்கை இன்று மென்பொருள் போடுகிறது. நூற்றுக்கணக்கான படங்களில் பொதுவாகத் தெரியும் புள்ளிகளை அது தானே தேடிப் பொருத்துகிறது. ஒவ்வொரு படமும் எங்கே நின்று, எந்தக் கோணத்தில் எடுக்கப்பட்டது என்பதை அந்தப் பொருத்தத்திலிருந்து கண்டுபிடிக்கிறது. பிறகு இலட்சக்கணக்கான புள்ளிகளை முப்பரிமாண வெளியில் நிறுத்துகிறது. அந்தப் புள்ளிகளைச் சின்னச் சின்ன முக்கோணங்களால் இணைத்தால் மேற்பரப்பு. அதன் மேல் படங்களின் நிறத்தைப் போர்த்தினால் பொருளின் முப்பரிமாண மாதிரி.

களப்புக்கரையில் கவிழ்த்து வைத்திருக்கும் ஒரு பழைய மர வள்ளத்தை எடுத்துக்கொள்வோம். இதற்குத் தேவையானது ஒரு சாதாரணக் கைத்தொலைபேசியும், குறித்த நீளமுள்ள இரண்டு மரச் சட்டங்களும், மேகம் மூடிய ஒரு காலை நேரமும். வெயில் ஏறிவிட்டால் வள்ளத்தின் நிழல் நகரும். நகரும் நிழலை மென்பொருள் பொருளின் நிறமென்று எடுத்துக்கொள்ளும். தொலைபேசியில் ஒளி அளவையும் குவியத்தையும் பூட்டிவிட வேண்டும். பிறகு வள்ளத்தைச் சுற்றி ஒரு நடை, முழங்கால் உயரத்தில். இன்னொரு நடை, மார்பு உயரத்தில். மூன்றாவது, கையைத் தலைக்கு மேல் உயர்த்திக் கீழ் நோக்கி. ஓர் அடி எடுத்து வைத்தால் ஒரு படம். முந்தைய படத்தில் தெரிந்ததில் முக்கால் பங்காவது அடுத்த படத்திலும் தெரிய வேண்டும். அந்தப் பங்கு குறைந்தால் சங்கிலி அறுந்துவிடும். அணியம் கூர்ந்து வரும் இடத்தில் அடிகளை இன்னும் நெருக்கமாக வைக்க வேண்டும், ஏனென்றால் அங்கே ஒரு பக்கத்துப் பலகையிலிருந்து மறுபக்கத்துக்குப் பார்வை சட்டென்று மாறுகிறது. பழைய மரம் இந்த வேலைக்கு ஏற்றது. பலகையின் நரம்பு, ஆணியைச் சுற்றிய துருக் கறை, இடுக்கில் அடைத்த தேங்காய்த் தும்பு, தார் வெடித்த கோடு என்று ஒவ்வொரு விரல் அகலத்திலும் தனித்தனி அடையாளம் இருக்கிறது. மென்பொருள் பிடித்துக்கொள்ள ஆயிரம் பிடி. பக்கத்தில் கிடக்கும் வெள்ளை ஃபைபர் படகு அப்படியல்ல. வழவழப்பான ஒரே நிறம், அதில் வானத்தின் பளபளப்பு. நாம் நகர நகரப் பளபளப்பும் நகரும். மாதிரியில் அந்த இடம் குழியாகவும் கொப்புளமாகவும் வரும். தண்ணீரும் அப்படியே. களப்பு எந்த மாதிரியிலும் அகப்படுவதில்லை.

கவிழ்ந்த நிலையில் வெளிப்பக்கத்தை எடுத்த பிறகு, வள்ளத்தை நிமிர்த்தி வங்குகளும் உட்பலகைகளும் தெரிய உள்பக்கத்தை எடுக்க வேண்டும். இரண்டையும் ஒட்டுவதற்கு, இரண்டு நிலையிலும் கண்ணுக்குத் தெரியும்படி விளிம்பில் சில அடையாளத் தாள்களை ஒட்டி வைத்தால் போதும். இருநூறு முந்நூறு படங்கள் வரும். படமொன்று 5 மெகாபைட் என்றால் எல்லாம் சேர்ந்து ஒன்று, ஒன்றரை ஜிகாபைட். மெஷ்ரூம், கோல்மேப் போன்ற மென்பொருள்கள் இலவசம். நல்ல மடிக்கணினி ஒன்று இரவு முழுக்க ஓடி மாதிரியைக் கொடுத்துவிடும்.

சட்டங்கள் எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான். படங்களிலிருந்து மென்பொருள் கணிப்பது உருவத்தை மட்டுமே, பருமனை அன்று. பத்து மீற்றர் வள்ளமும், அதைப் போலவே செதுக்கிய பத்து சென்ரிமீற்றர் பொம்மையும் கமெராவுக்கு ஒன்றுதான். காட்சிக்குள் ஒரு மீற்றர் சட்டம் ஒன்று கிடந்தால்தான் கணினிக்கு உலகத்தின் பருமன் தெரியவரும். இரண்டாவது சட்டம், முதலாவது சட்டத்தைச் சரிபார்ப்பதற்கு. இரண்டும் மாதிரியில் மில்லிமீற்றர்க் கணக்கில் ஒத்துப்போனால் ஏரா எனும் அடிமரத்தின் நீளத்தையும் பலகையின் தடிப்பையும் நம்பலாம். சட்டம் இல்லாத மாதிரி அழகான படம்; சட்டம் உள்ள மாதிரி ஆவணம். இந்த வேறுபாட்டை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

வேறு கருவிகளும் உண்டு. லேசர் ஸ்கேனர் ஒளிக்கதிரை அனுப்பி, அது மோதித் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கிறது. ஒளி ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்குள் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் போய்விடும் என்பதால் அந்தக் கடிகாரம் மிக நுட்பமாக இருக்க வேண்டும், விலையும் அதற்கேற்றபடி. அன்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் 2010இல் பாரிஸின் நோத்ர்-டாம் பேராலயத்தை இப்படி அளந்து வைத்தார். அவர் 2018இல் மறைந்தார். 2019 ஏப்ரலில் கூரை எரிந்தது. பேராலயம் எரிவதற்கு முன் எப்படி நின்றது என்பதற்கு அவர் விட்டுச்சென்ற நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் சாட்சியாக இருந்தன. சில ஐபோன்களில் 2020 முதல் வரும் லிடார் உணரி, அறையை அளக்க உதவும், கைக்குள் அடங்கும் பொருளுக்கு உதவாது. கோசியன் ஸ்ப்ளாட்டிங் என்று 2023 முதல் பரவிவரும் முறை கண்ணைப் பறிக்கும் காட்சியைத் தருகிறது, ஆனால் நிறத் துளிகளை வெளியில் தூவிக் காட்சியை உண்டாக்குகிறதே தவிர மேற்பரப்பு இன்ன இடத்தில் இருக்கிறது என்று உறுதி சொல்வதில்லை. பார்ப்பதற்கு அது போதும். அளப்பதற்குப் படங்களும் சட்டங்களும் கொண்ட பழைய வழியே நல்லது.

திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட இந்தக் கரையிலிருந்துதான், இலங்கையிலிருந்து வெளியே போன கலைப்பொருள்களில் மிகப் புகழ்பெற்ற ஒன்று போனது. 143 சென்ரிமீற்றர் உயரம், பொன் முலாம் பூசிய வெண்கலம், எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததென்று கருதப்படும் தாரா தேவியின் சிலை. 1812 முதல் 1820 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த ரொபர்ட் பிரவுன்ரிக் அதைப் பெற்றார்; 1830இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அந்தச் சிலையின் உயரத்தை, இடையின் வளைவை, விரல்களின் மடிப்பை இன்று எவரும் மில்லிமீற்றர் பிசகாமல் சொல்லிவிடலாம். எங்கே கிடைத்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது. ‘திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில்’ என்ற நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட கரைதான் அதன் பிறப்பிடச் சான்றிதழ். எந்தக் குளக்கட்டில், எந்த மேட்டில், எதனோடு சேர்ந்து கிடந்தது, அதைக் கண்டெடுத்தவர் யார் என்ற நான்கு வரிகளை அப்போது ஒருவர் எழுதி வைத்திருந்தால், கிழக்குக் கரையின் பௌத்த வரலாறும் வணிக வரலாறும் இன்று வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். உலகத்தின் சிறந்த ஸ்கேனர் இந்த நான்கு வரிகளை மீட்காது. ஆகவே சட்டத்துக்கு அடுத்தபடியாக, ஒவ்வொரு மாதிரியோடும் சேர வேண்டியது எழுத்து: பொருள் என்ன, இடம் எது, யாருடையது, எந்த ஓடாவி கட்டியது, என்ன மரம், எந்த ஆண்டு, யார் படம் எடுத்தது. வள்ளத்தைப் பொறுத்தவரை இவற்றுக்கான விடை இன்று குறிஞ்சாக்கேணியிலும் கிண்ணியாவிலும் உயிரோடு இருக்கும் மனிதர்களின் வாயில் இருக்கிறது. வெளியூர் நிபுணர் கொண்டுவரும் கருவியில் அது இல்லை. ஊரார் செய்ய வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இது.

இடமும் பெயரும் ஒட்டிய பதிவு என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டில் கண்கூடான சான்று இருக்கிறது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தமிழகக் கோயில்களின் திருமேனிகளைப் படம் பிடித்துக் கோயில் பெயரோடு அடுக்கி வைத்தது. ஆராய்ச்சிக்காக எடுத்த படங்கள் அவை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் களவு போய், 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அதை 50 இலட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கியது. இது அதுதான் என்று நிறுவ உதவியவை புதுச்சேரியில் இருந்த படங்கள். 2014 செப்டெம்பரில் நடராசர் இந்தியாவுக்குத் திரும்பினார். சில பக்கப் படங்களுக்கே இவ்வளவு வலு. வார்ப்பின் சிறு பிசிறு, காலின் தேய்மானம், பீடத்தின் ஒடிவு எல்லாவற்றையும் அளவோடு வைத்திருக்கும் மாதிரிக்கு வலு இன்னும் அதிகம். கைரேகையைப் போல அதை மறுக்க இயலாது. படங்களின் தரம் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சான்று ஆப்கானிஸ்தானின் பாமியான். 2001இல் அங்கிருந்த பெரும் புத்தர் சிலைகள் தகர்க்கப்பட்ட பின், சூரிச்சின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆர்மின் குரூன் குழுவினர் பழைய படங்களிலிருந்து பெரிய சிலையைக் கணினியில் திரும்ப எழுப்பினார்கள். சுற்றுலாப் பயணிகளின் படங்களும் இணையத்தில் கிடைத்த படங்களும் பருமட்டான உருவத்தைத்தான் கொடுத்தன. ஆடையின் நுண்ணிய மடிப்புகள் கிடைத்தது, 1970இல் கோஸ்ட்கா என்ற ஆஸ்திரியப் பேராசிரியர் அளவைக்கென்றே எடுத்து வைத்திருந்த மூன்றே மூன்று படங்களிலிருந்து. யாரோ எடுத்த பல படங்களைவிட, அளக்கத் தெரிந்தவர் எடுத்த சில படங்கள் மேல்.

இதற்கெதிராகச் சொல்லப்படுவதில் மிக நியாயமானது, இந்த ஊருக்கு வேண்டியது பாலம், ஸ்கேன் அல்ல என்பது. உண்மை. ஒரு ரூபாய் இருந்தால் அது பாலத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் கைத்தொலைபேசியால் வள்ளத்தைப் படம் எடுப்பது பாலத்தின் பணத்தைத் தொடுவதில்லை. அதற்கு மேலும் ஒன்று சொல்ல இருக்கிறது. அளவையை நாம் பழம்பொருளோடு மட்டும் சேர்த்து நினைப்பதுதான் இந்த எதிர்வாதத்தின் வேர். முப்பரிமாண மாதிரியிலிருந்து கணினி ஒரு நொடியில் சொல்லும் முதல் எண் கன அளவு. மிதவை ஒன்று ஒரு கன மீற்றர் நீரை விலக்கினால் ஏறத்தாழ 1,000 கிலோ எடை தாங்கும். அதில் மிதவையின் சொந்த எடையைக் கழிக்க வேண்டும், மீதியில் ஆட்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் இடம். மிதவைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி இருக்கின்றன, தளம் நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், பக்கத்துக் கம்பி பத்து வயதுப் பிள்ளையின் நெஞ்சுக்கு எட்டுமா இடுப்புக்கு எட்டுமா, எல்லாரும் ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்தப் பக்கம் எவ்வளவு தாழும் என்பவை எல்லாம் அதே மாதிரியில் அளந்து கணக்கிடக்கூடியவை. ஆட்களை ஏற்றும் எந்தப் பாதைக்கும், எந்தப் படகுக்கும் நீரில் இறங்குமுன் இப்படி ஒரு பதிவு இருக்க வேண்டும் என்று உள்ளூராட்சி சபைகள் கேட்கலாம். ஒரு பொறியியல் மாணவர் ஒரு நாளில் முடிக்கக்கூடிய வேலை. களப்பும் ஆறும் சூழ்ந்த கிழக்கு மாகாணத்தில் இது ஆடம்பரமன்று.

பிரதி கையில் இருக்கிறதே, மூலத்தைப் பற்றி என்ன கவலை என்ற மெத்தனம் வந்துவிடும் என்பார்கள் சிலர். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. தாராவின் மாதிரி ஒன்றைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு, சிலை இங்கேயே இருக்கட்டும் என்று இலண்டன் சொல்ல முடியும். ஆனால் ஸ்ரீபுரந்தானின் பாடம் எதிர்த்திசையில் போகிறது: பதிவு இருந்ததால்தான் மூலம் திரும்பியது. திருகோணமலைக்குள்ளேயே இன்னொரு பொருள் இருக்கிறது. பிரெட்ரிக் கோட்டையின் வாயில் தூணில், இணைக் கயல் சின்னத்தோடு, குளக்கோட்டன் என்ற மன்னனின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் தமிழ்க் கல்வெட்டு. அதன் எழுத்துகள் ஏற்கெனவே சிதைந்தவை. அந்த வாயில் வழியே கோணேசர் கோயிலுக்குப் போகும் ஆயிரக்கணக்கானோரின் பக்கத்தில், காற்றும் உப்பும் படும் இடத்தில் அது நிற்கிறது. பக்கவாட்டு ஒளியில் எடுத்த படங்களும் நுண்ணிய மாதிரியும் இருந்தால், தேய்ந்த எழுத்தின் ஆழத்தைக் கணினியில் பெருக்கிக் காட்டி வாசிக்க முயலலாம். அடுத்த இருபது ஆண்டுகளில் எவ்வளவு தேய்கிறது என்பதை எண்ணால் சொல்லிப் பாதுகாப்புக் கோரலாம். கல் தேய்கிறது என்று வாயால் சொல்லும் முறைப்பாட்டை அலுவலகங்கள் ஒதுக்கி வைத்துவிட முடியும். அரை மில்லிமீற்றர் போயிருக்கிறது என்று அளவோடு வரும் முறைப்பாட்டை ஒதுக்குவது கடினம்.

யார் அளப்பது என்ற கேள்வி கிழக்கில் வெறும் தொழில்நுட்பக் கேள்வியல்ல. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென நியமிக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை; அது எழுப்பிய அச்சம் இன்னும் அடங்கவில்லை. தமது நிலத்தில் எது பழையது, எது காக்கத் தக்கது என்பதை வேறொருவர் வந்து அளந்து தீர்மானிக்கும்போது, அளவுகோலே மிரட்டலாகத் தெரிவது இயல்பு. அதற்கு விடை அளக்காமல் இருப்பதல்ல. நாமே அளந்து வைப்பது. கிண்ணியாப் பகுதியின் மையவாடிகளில் புதைகுழிகளை அடையாளங்காட்டும் பழைய மீசான் கற்கள், கிணற்றுக் கட்டுகள், பழைய வீடுகளின் மரத் தூண்கள் ஆகியவற்றைப் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் குடும்பத்தாரிடமும் ஒப்புதல் கேட்டு, மரியாதையோடு பதியலாம். இதற்கு அருகிலேயே முன்மாதிரி உண்டு. மாலைதீவில் 2018இல் தொடங்கிய மரபுரிமை அளவாய்வு, பவளக் கல்லில் செதுக்கிய பழைய மீசான் கற்களையும் பள்ளிவாசல்களையும் முப்பரிமாணத்தில் பதிந்து எல்லாரும் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறது. அதே மாலைதீவில் 2012 பெப்ரவரியில் தேசிய அருங்காட்சியகத்துக்குள் புகுந்த கூட்டம் பவளக் கல் புத்தர் சிலைகளை உடைத்துத் தள்ளியதையும் சேர்த்து நினைத்தால், காலத்தோடு பதிவது என்றால் என்னவென்று விளங்கும். ஒப்புதல் கிடைக்காத பொருளைப் பதியக் கூடாது. கோயில் கருவறைக்குள் இருக்கும் திருமேனிகளுக்கும் இதுவே விதி. கமெரா பொருத்திய ஆளில்லா விமானத்தைப் பறக்கவிடுவதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும். சீனன்குடாவில் விமானப்படைத் தளம் இருப்பதால் இந்தப் பகுதியில் அதை நினைக்காமலிருப்பதே நல்லது. வள்ளத்துக்கும் மீசான் கல்லுக்கும் இரண்டு கால்கள் போதும்.

கல் ஆயிரம் ஆண்டு நிற்கும், கணினிக் கோப்பு பத்து ஆண்டு நிற்குமா என்பது கடைசிக் கேள்வி, எனக்குமே அதிகக் கவலை தரும் கேள்வி. கூகுள் நடத்திய போலி என்ற முப்பரிமாண மாதிரித் தளம் 2021 ஜூன் 30உடன் மூடப்பட்டது. தனியார் தளங்கள் கைமாறும், கட்டணம் கேட்கும், விதியை மாற்றும். எனவே வெளியூர்த் தளமொன்றில் ஏற்றிவிட்டு நிம்மதியடைவது பாதுகாப்பல்ல. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. ஒரே கட்டடத்தில் ஒரே பிரதி இருப்பதன் விலையை ஈழத் தமிழரைவிட நன்றாக யாரும் அறியார். அந்த அனுபவத்தின் பின்னணியில்தான் 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலக நிறுவனம் பல்லாயிரக்கணக்கான நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் திறந்து வைத்திருக்கிறது. பொருள்களுக்கும் அதே ஒழுங்கு வேண்டும். காக்க வேண்டியது முதன்மையாக மாதிரியை அன்று, மூலப் படங்களை. மென்பொருள் ஆண்டுக்காண்டு மேம்படுகிறது. இன்று எடுத்த படங்களிலிருந்து பத்து ஆண்டு கழித்து இன்னும் நுண்ணிய மாதிரியைக் கட்டலாம், பாமியானில் கோஸ்ட்காவின் படங்களுக்கு முப்பது ஆண்டு கழித்து நடந்ததைப் போல. படங்கள் சாதாரண ஜேபெக் கோப்புகளாக, விவரம் சாதாரண எழுத்துக் கோப்பாக, மூன்று பிரதிகளாக, ஒன்று பள்ளியில், ஒன்று பொது நூலகத்தில், ஒன்று மாவட்டத்துக்கு வெளியே இருக்கட்டும். ஒன்றரை ஜிகாபைட் கோப்புக்கு இது பெரிய சுமையல்ல.

கிண்ணியாவிலும் குறிஞ்சாக்கேணியிலும் இதைப் படிக்கும் ஆசிரியர்களிடமும் உயர்தர மாணவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் கரையில் இன்னும் மர வள்ளம் ஒன்று இருந்தால், அதன் சொந்தக்காரரிடம் ஒப்புதல் கேளுங்கள். தச்சரிடம் சொல்லி ஒரு மீற்றர் சட்டம் இரண்டு வெட்டி வாங்குங்கள். மேகம் மூடிய ஒரு காலையில் மூன்று சுற்று நடந்து படம் எடுங்கள். வள்ளம் கட்டிய ஓடாவியின் பெயரையும் மரத்தின் பெயரையும் அன்றே, அவர் சொல்லும்போதே எழுதிவிடுங்கள். மாதிரி சரியாக வராவிட்டாலும் படங்களை அழிக்காதீர்கள்.